காலால் பிறந்தவள்

எண்ணெய் பூசிய முதுகு வெறுங்காலுக்கு எப்படி வழுக்கும் என்பது எட்டு வயதிலேயே எனக்கு அத்துப்படி. தலைக்குப் பதிலாகக் கால் முதலில் வந்து பிறந்த பிள்ளை நான். அப்படிப்பட்ட பிள்ளை ஏறி உழக்கினால் "நாரிப்பிடிப்பு" மாறிவிடும் என்று நம்பிய சண்டிலிப்பாய்ச் சனம், இடுப்பில் ஒரு நோவு கண்டதும் மருந்தைத் தேடாமல் என்னைத் தேடி வந்து, குப்புறப் படுத்து, எழும்பிப் போகும்போது என் கையில் ஒரு தோடம்பழ இனிப்பைத் திணித்துவிட்டுப் போகும். இதில் என்ன பெருமை வேண்டிக்கிடக்கிறது? ஆனால் அப்போது பெருமையாகத்தான் இருந்தது, சீ!

இந்த வைத்தியத்துக்குத் தலைமை தாங்கியவர் அப்பாவின் தமையனான என் பெரியப்பா. வாயைத் திறந்தால் வாதம், பித்தம், கபம். மூன்றில் ஒன்றுக்காவது பொருள் தெரியுமா என்றால் அதுவும் கிடையாது. புகையிலைக்குத் தண்ணீர் இறைத்துவிட்டு வந்த அப்பா ஒருநாள் நிமிர முடியாமல் நின்றபோதும் தீர்ப்புச் சொன்னவர் அவரே.

"நாரி மட்டுமில்லை அண்ணை, துடையாலை இறங்கிக் குதிக்கால் மட்டும் சுண்டி இழுக்குது. பரியாரியாரிட்டை ஒருக்காக் காட்டுவம்," என்றார் அப்பா.

"பேய்க்கதை கதையாதை! வீட்டுக்குள்ளை மருந்தை வைச்சுக்கொண்டு பரியாரியோ? பிள்ளை, ஏறடி!"

ஏறினேன். முதல் உழக்குக்கு அப்பா பல்லைக் கடித்தார். "இன்னும் அமத்து," என்றார் பெரியப்பா. அமத்தினேன். அப்பா அலறிக் குழறிய குழறல் இன்னும் என் காதில் இருக்கிறது. தூக்கி நிறுத்தியபோது அவருடைய வலது பாதம் எழும்பாமல் தொங்கியது.

வாடகைக் கார் பிடித்துச் சாவகச்சேரியிலிருந்த நாட்டு வைத்தியரான பரியாரியாரிடம் கொண்டுபோனோம். அவர் அப்பாவை மல்லாக்கப் படுக்கவைத்து, காலை நீட்டியபடி ஒரு சாண் உயர்த்தினார். அதற்கே அப்பா துடித்தார். "ஆர் உழக்கினது?" என்று கேட்டார். பெரியப்பா கொஞ்சமும் கூசாமல் என்னைக் காட்டினார்.

பரியாரியார் என் பக்கம் திரும்பவேயில்லை, பெரியப்பாவைத்தான் பார்த்தார். "இது பிடிப்பில்லை, கிருத்திரசி. இடுப்பிலை இருந்து குதி மட்டும் போற நரம்பை வாதம் பிடிச்சிருக்கு. உழக்கிற வருத்தமோ இது? சலம் போறது தடைப்பட்டால் ஒரு நிமிசமும் நிக்காமல் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுங்கோ."

ஆமணக்கெண்ணெய், நொச்சியிலை ஒத்தடம், பத்தியம், படுக்கை என்று மாதக்கணக்கில் கிடந்து அப்பாவின் நோவு போனது. பாதம் மட்டும் பழையபடி வரவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் "கிணத்தடியிலை வழுக்கினது" என்றே சாகும்வரை சொன்னார். என்னைக் காப்பாற்றச் சொன்ன பொய்.

இன்று கால் முன்னே வரும் பிள்ளைகளை ஆஸ்பத்திரியில் கீறி எடுத்துவிடுகிறார்கள், உழக்க ஆளில்லை. பரியாரியாரின் வீடும் பூட்டிக் கிடக்கிறது. ஒன்றும் தெரியாமல் மருந்து சொல்லும் வாய்கள் மட்டும் குறையவில்லை. அவை இப்போது கைபேசியில் எண்ணெய் விற்கின்றன. பெரியப்பாவும் இருக்கிறார், தொண்ணூறை எட்டிப் பிடித்துக்கொண்டு. போன மாதம் அவருக்கும் அதே நோவு வந்து, யாழ்ப்பாணம் போய் ஸ்கான் எடுத்துக்கொண்டு வந்து கட்டிலில் கிடந்தார். பார்க்கப் போனேன்.

"பெரியப்பா, நான் ஒருக்கா ஏறி உழக்கட்டே?"

மனிதர் பதறிப்போனார். "ஐயோ, வேண்டாம் பிள்ளை! இது நரம்பல்லோ!"

தன்னுடைய நரம்பு என்றதும் தெரிந்துவிட்டது.