ஒவ்வொரு நாற்காலியாகக் கேட்டவர்

அம்மாவின் அடக்கத்துக்கு அக்கா துபாயிலிருந்து வரவேண்டிய விமானத்தை ரத்து செய்துவிட்டார்கள். விமானக் கம்பெனி பதில் சொன்னதும் வேறு டிக்கெட் எடுக்கலாம் என்று, சிவகாசியில் ஒரு டிராவல்ஸ் கடையில் போனைக் காதில் வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரமாகப் பாட்டுதான் ஓடியது.

கடையை நடத்தும் நரைமீசைக்காரர் ஒவ்வொரு நாற்காலியாக வந்து, "எதும் சொல்லணுமா தம்பி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நாலாவது முறை எரிந்து விழுந்தேன். "எத்தன தடவ இல்லைன்னு சொல்றது அண்ணாச்சி?"

"நான் ஏர்லைன்ஸ் ஆபீசுல வேல பாத்த காலத்துல, டிக்கெட் போடுற புக்கிங் பெட்டி தானாப் பேசாது தம்பி. எங்கனயோ இருக்க பெரிய கம்ப்யூட்டர் ஒவ்வொரு பெட்டியா 'எதும் இருக்கா'ன்னு கேக்கும். இல்லைன்னாலும் அடுத்த சுத்துல திரும்பக் கேக்கும். அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கிருச்சு."

காதில் பாட்டு நின்றது. என் அழைப்பு மிக முக்கியமானது என்றது பதிவுக் குரல். முக்கியமாம்! போனை அணைத்தேன்.

"சொல்லணும் அண்ணாச்சி" என்றேன்.