ஜெயித்த ஆட்டத்துக்குத் தோற்ற கட்டுரை

கருத்து எழுதுவது என்பது, யாரும் கேட்காத கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்லும் தொழில். டி.வி. முன்னால் உட்கார்ந்து நடுவரைத் திட்டியவர்கள், மைதானத்து ஓரத்தில் நின்று ரெஃப்ரிக்கு யோசனை சொன்னவர்கள், கரண்ட் போன வாசலில் நின்று அரசாங்கத்தையே நடத்திக் காட்டியவர்கள் எல்லோரும் என் இனம்தான். ஒரே வித்தியாசம், நான் அதைப் புதன்கிழமைக்குள் எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

அதற்கு முன்னால் இருபத்திரண்டு வருஷம் ஒரு பத்திரிகையில் சிறுவர் பக்கம் பார்த்தேன். புள்ளிகளை இணை, ஆறு வித்தியாசம் கண்டுபிடி, காட்டில் நடந்த பஞ்சாயத்து. அந்தப் பக்கம் நின்றுபோனது. பிறகு, தாம்பரம் வட்டாரத்தில் வீடு வீடாக இலவசமாகப் போடும் வார இதழின் ஆசிரியர் வரதராஜன் என்னைக் கூப்பிட்டார். கல்லூரி ஃபுட்பால், டி.வி. போட்டிகள், ஊர் நடப்பு மூன்றையும் பற்றி வாரம் ஒரு கட்டுரை வேண்டும் என்றார். மூன்று மாதம் பார்ப்பாராம். வாசகர் கடிதம் வந்தால் என் பத்தி இருக்கும். வராவிட்டால் அந்த இடம் ‘வீடு வாடகைக்கு’ விளம்பரங்களுக்குப் போகும். எனக்கு எழுத வேறு இடம் இல்லை என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அனுப்பும்போது ஒன்றே ஒன்று சொன்னார்: “கொஞ்சம் கோபமா எழுதுங்க மேடம். உங்க கதையில புலி கூட ‘தயவுசெய்து’ன்னுதான் பேசுது.”

முதல் வாசகர்

முதல் கட்டுரை எங்கள் பக்கத்துக் கல்லூரியின் ஃபுட்பால் அணியைப் பற்றியது. பந்தை ஒருவருக்கொருவர் அழகாகக் கொடுத்து வாங்குகிறார்கள். கோலுக்கு எதிரே போனதும், பந்தியில் கடைசி லட்டை எடுக்கக் கூச்சப்படுகிறவர்கள் மாதிரி நீ அடி, நீ அடி என்று நிற்கிறார்கள் என்று எழுதினேன். என்னைப் பொறுத்தவரை அது கடும் கோபம். மறுபடி படித்துப் பார்த்து இரண்டு இடத்தில் குறைத்துக்கொண்டேன்.

ஞாயிறு காலையில் இதழ் வந்தது. திங்களன்று ஒரு போன் வந்தது. கேம்ப் ரோடில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். நடை எளிமை, ஒரு பிழை இல்லை என்றார். சரி, இப்போது அணிக்காகச் சண்டை பிடிப்பார் என்று காத்திருந்தேன். பிடிக்கவில்லை. இதைக் கடிதமாக எழுதித் தர முடியுமா என்று வெட்கத்தை விட்டுக் கேட்டேன். கடிதமெல்லாம் எதற்கு என்றார். “பேத்திக்குப் படிச்சுக் காட்டினேன் மேடம். ரெண்டாவது பாராவுலயே தூங்கிட்டா. வாராவாரம் எழுதுங்க.”

காலனியின் குரல்

அந்தச் சமயத்தில் சேலையூரில் ஒரு காலனிப் பெண் டி.வி. பாட்டுப் போட்டியில் கடைசி ஐந்து பேரில் வந்துவிட்டாள். தெருமுனையில் அவள் படம் போட்ட பேனர். எஸ்.எம்.எஸ். எப்படி அனுப்புவது என்று அதிலேயே விளக்கம். நான் ஐந்து வாரம் தவறாமல் பார்த்தேன். பாட்டு முடிவதற்குள் நடுவர்கள் அழுதுவிடுகிறார்கள், அழுத பிறகு எப்படி மார்க் போட முடியும், ஓட்டுதான் தீர்ப்பு என்றால் நடுவர் எதற்கு என்றெல்லாம் கேட்டு எழுதினேன். நம் பெண் நன்றாகப் பாடுகிறாள், ஆனால் இரண்டாவது சரணத்தில் சுருதி விலகியது என்றும் ஒரு வரி சேர்த்தேன். விலகத்தான் செய்தது.

காலனி நலச் சங்கத்துச் செயலாளர் கட்டுரை வந்த மறுநாளே இதழ் அலுவலகத்துக்கு வந்துவிட்டார். வங்கி அதிகாரி, மிகவும் மரியாதையானவர். நாற்காலியில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, இருபது நிமிஷம் வருத்தப்பட்டார். இதை நாலு வரி எழுதிக் கொடுங்கள் சார், அப்படியே போடுகிறோம் என்றேன். எழுத்தில் வந்தால் விஷயம் பெரிதாகிவிடும் என்று மறுத்துவிட்டார். எழுந்து போகும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: “நீங்க எழுதினது கரெக்ட்தான் மேடம். காலனியில எல்லாருக்கும் தெரியும். அதுக்காக அச்சுல போடுவாங்களா?”

கரண்ட்

போட்டியின் இறுதிச் சுற்றன்று எங்கள் பக்கம் முழுக்கக் கரண்ட் இல்லை. இதைவிட நல்ல விஷயம் எனக்குக் கிடைக்காது. நகரத்துக்குள் கொஞ்ச நேரம் நிறுத்துகிறார்கள், புறநகரில் மணிக்கணக்கில் நிறுத்துகிறார்கள், நாம் என்ன இரண்டாந்தரக் குடிமக்களா என்று எழுதினேன். யாரையும் கேட்காமல் ‘அநியாயம்’ என்ற சொல்லை இரண்டு முறை பயன்படுத்தினேன்.

பால் பூத்தில், பேருந்து நிறுத்தத்தில், எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருவழியாக ஊர் விழித்துக்கொண்டது என்று நினைத்தேன். இஸ்திரி போடும் குமார் வண்டியைத் தள்ளிக்கொண்டு என் பின்னாலேயே வந்தார். அவருடையது கரிப் பெட்டி, கரண்ட் தேவையே இல்லை. அப்படிப்பட்டவரும் படித்திருக்கிறாரே என்று பெருமையாக நின்றேன். “கருத்து கெடக்கட்டும்க்கா. நாளைக்கு எத்தினி மணிக்குக் கட் பண்றாங்க? சீரியலுக்கு முன்னாடியா, அப்புறமா? வூட்ல கேட்டுகினு வரச் சொன்னாங்க.”

அளவு

மூன்று மாதம் முடிய இரண்டு வாரம் இருந்தது. கடிதம் போட்டு வைக்கும் டிராயரில் ஒரே ஒரு கடிதம். அதுவும் குப்பை வண்டி வரவில்லை என்று நகராட்சிக்கு எழுதியது.

அந்தச் சனிக்கிழமை எங்கள் கல்லூரிக்கும் பல்லாவரத்துக் கல்லூரிக்கும் இறுதி ஆட்டம். ஆட்டம் முடிய மாலை ஆறு ஆகும், அச்சகத்துக்கு ஆறரைக்குள் பக்கம் போக வேண்டும். அதனால் வரதராஜன் இரண்டு கட்டுரை கேட்டார்: ஜெயித்தால் ஒன்று, தோற்றால் ஒன்று. இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான் என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் டிராயரில் எனக்கென்று ஒரு கடிதமும் இல்லை. புதன்கிழமை இரண்டையும் எழுதிக் கொடுத்தேன். தோல்விக் கட்டுரையில், கோல்கீப்பர் ஏழுமலை அவசரப்பட்டுக் கோலை விட்டு முன்னால் ஓடி வந்ததால்தான் தோற்றோம் என்று எழுதினேன். முந்தைய ஆட்டத்தில் ஒரு தடவை அப்படி ஓடி வந்தார். இதிலும் வருவார் என்று நானே தீர்மானித்துக்கொண்டேன்.

சனிக்கிழமை மைதானத்தில் நானும் இருந்தேன். ஆட்டம் சமனில் முடிந்து பெனால்டிக்குப் போனது. ஏழுமலை கோலை விட்டு ஓர் அடி நகரவில்லை. இரண்டு பந்துகளைப் பாய்ந்து தடுத்தார். ஜெயித்தோம். அங்கிருந்தே அலுவலகத்துக்குப் போன் செய்து சொல்லிவிட்டு, கைதட்டிச் சிவந்த கையோடு வீட்டுக்கு வந்தேன். மறுநாள் காலை இதழைப் பிரித்தால், தோற்றிருக்கிறோம். ஏழுமலையால்.

பக்கம் வடிவமைக்கும் ஜெயந்தியைக் கூப்பிட்டுக் கேட்டேன். நான் போனில் சொன்னது அவளுக்கு நன்றாகவே நினைவிருந்தது. கடைசி நேரத்தில் ஒரு ஃபிளாட் விளம்பரம் பெரிதாகிவிட்டதாம். வெற்றிக் கட்டுரை எட்டு வரி மிஞ்சியதாம். என் எழுத்தில் ஒரு வரி குறைத்தால் நான் வருத்தப்படுவேன் என்று அவளுக்குத் தெரியும். “தோத்த கட்டுரைதான் மேடம் அளவா உக்காந்துச்சு. ரெண்டும் உங்க கருத்துதானேன்னு போட்டுட்டேன்.”

மீன்காரம்மா

செவ்வாய்க்கிழமை ஓர் அம்மாள் அலுவலகத்துக்கு வந்தார். கேளம்பாக்கம் பஸ்ஸில் வந்திறங்கி, மீன் பாத்திரத்தை வாசலில் வைத்துவிட்டு நேராக உள்ளே வந்தார். ஏழுமலையின் அம்மா. கடற்கரைக் குப்பத்தில் வீடு, காலையில் சேலையூர்த் தெருக்களில் வியாபாரம். சனிக்கிழமை மகன் மெடலோடு வந்தான். ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கும் வீடுகளில், உன் பையனால்தான் தோற்றார்களாமே என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை, ஜெயித்தான் என்று இவர் சொன்னால் யாரும் நம்பவில்லை. பேப்பரில் பொய்யா போடுவார்கள் என்று ஒரு வீட்டில் இதழையே எடுத்து வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். மகன் இரண்டு நாளாகக் கல்லூரிக்குப் போகவில்லை.

“நீதான எழுதினது? மேட்ச்சப் பாத்தியா நீ?” என்றார்.

பார்த்தேன் என்றேன். பார்க்காமல் எழுதினாள் என்று திட்ட வந்தவர், குழம்பிப்போய் நின்றுவிட்டார். அவரை உட்காரவைத்து, ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். புதன்கிழமையே எழுதியது, இரண்டாக எழுதியது, விளம்பரம் பெரிதானது, எல்லாவற்றையும். பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்து, திட்டவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்கிற மாதிரி கேட்டார்: “எல்லாத்தியும் மொதல்லயே எழுதிக் குட்த்துட்டியே, அப்பால மேட்ச்சுக்கு இன்னாத்துக்கும்மா போனே?”

டிராயர்

அந்த வாரம் டிராயரை மூட முடியவில்லை. கண் தெரியுமா, ஃபுட்பாலுக்கு எத்தனை பேர் என்று தெரியுமா, பல்லாவரத்தில் சொந்தக்காரர்கள் உண்டா என்றெல்லாம் கேட்டுக் கட்டுக்கட்டாகக் கடிதங்கள். வரதராஜனுக்கு வாயெல்லாம் பல். பத்தி நிலைத்துவிட்டது, இனி எல்லா ஆட்டத்துக்கும் இரண்டு கட்டுரை என்றார். எனக்கோ அந்த அம்மாள் கேட்ட கேள்வி நெஞ்சில் உட்கார்ந்திருந்தது. அதே பக்கத்தில், அதே அளவில், ஏழுமலையின் படத்தோடு வெற்றிக் கட்டுரை வர வேண்டும், நான் எழுதியது தவறு என்ற வரி அதற்கு மேலே இருக்க வேண்டும், இனிமேல் கண்ணால் பார்த்த பிறகுதான் எழுதுவேன், இல்லாவிட்டால் அந்த இடத்தை வாடகை வீட்டுக்காரர்களுக்கே கொடுத்துவிடுங்கள் என்றேன். அவர், ‘தயவுசெய்து’ சொல்ல மறந்த புலியைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார். ஒப்புக்கொண்டார். ஆனால் இனி ஒரு வாரம் பழசாகி வரும் ஆட்டத்துக்குப் பாதி இடம்தான் என்றார். நானும் ஒப்புக்கொண்டேன்.

திருத்தம் வந்தது. எட்டு வரியும் வந்தது. ஏழுமலை மறுபடி கல்லூரிக்குப் போகத் தொடங்கிவிட்டார் என்று மீன் வாங்கும் வீடுகளிலிருந்து தெரிந்தது. அடுத்த திங்கள் வரதராஜன் டிராயரைத் திறந்து என் பக்கம் திருப்பிக் காட்டினார். “உண்மையைப் போட்டோம். ஒருத்தராவது எழுதினாங்களா பாருங்க.”

இப்போதெல்லாம் கடிதமே வராத வாரங்களில், இந்த வாரமும் சரியாகத்தான் எழுதியிருக்கிறேன் என்று எடுத்துக்கொள்கிறேன்.