அப்பாவின் சட்டை போட்ட கொடும்பாவி

மழை இல்லாமல் அணைகள் வற்றிவிட்டன, நாடு முழுக்க மின்வெட்டு என்று ரேடியோ சொன்ன வருஷம் அது. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு மின்சாரமே வந்திருக்கவில்லை என்பதால் அந்தக் கஷ்டம் எங்களுக்கு இல்லை. எங்கள் கஷ்டமெல்லாம் பீலிதான். மலை ஊற்றிலிருந்து குழாய் வழியே விழும் அந்தத் தண்ணீரை நம்பித்தான் இருபது குடும்பங்கள் இருந்தன. அது நூலாகி, சொட்டாகி, ஒருநாள் நின்றே போனது. தேயிலையும் கருகிக் கொழுந்தில்லாமல் போக, பெண்களுக்கு வாரத்தில் இரண்டு நாள்தான் வேலை கிடைத்தது.

கடைசியில் கொடும்பாவி கட்டுவதென்று முடிவானது. மழையைத் தடுக்கும் மகாபாவியைப் பொம்மையாகச் செய்து, லயம் லயமாக இழுத்து, ஒப்பாரி வைத்து எரிக்க வேண்டும். மழை வந்தால் பாவி செத்தான் என்று அர்த்தமாம். மலையில் வைக்கோலுக்கு எங்கே போவது? மானாப்புல்லில் கட்டினார்கள். ஒரு பழைய சட்டை வேண்டும் என்றார் பொம்மை கட்டிய என் மாமா. எட்டு வயதுக்காரியான நான் பெருமையாக ஓடிப்போய், கொடியில் கிடந்த சட்டையை உருவி வந்தேன்.

அது அப்பா மரம் வெட்டப் போகும்போது போடுவது. தோட்டத்தை நடத்தப் புதிதாக வந்த துரை, பீலிக்கு மேலே இருந்த காட்டை வெட்டி லொறியில் ஏற்றச் சொல்லியிருந்தார். அப்பாவுக்கு அங்கேதான் வேலை.

மாரடிக்கக் கையை ஓங்கிய அம்மா, பொம்மையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"அடி பாவி மகளே, உசுரோட இருக்க மனுசன் சட்டைடி அது!"

அதற்குள் பொம்மை புறப்பட்டுவிட்டது. சுடலையில் சட்டையும் சேர்ந்து எரிந்தது. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மழை வர வேண்டும் என்று கும்பிடுவதா, வரவே கூடாது என்று கும்பிடுவதா என்று தெரியாமல் மாரியம்மன் முன்னால் சும்மா கண்ணை மூடி நின்றேன்.

மழை வந்தது. நிறுத்தத் தெரியாமல் வந்தது. நாலாம் நாள் காலையில், வெட்டி மொட்டையான மலை சேறாக இறங்கி, பீலியையும் லயத்தின் கடைசி இரண்டு காம்பரா வீடுகளையும் மூடிவிட்டது. எல்லாரும் வேலைக்குப் போயிருந்த நேரம் என்பதால் அங்கே யாரும் சாகவில்லை. ஆனால் அப்பா மலையில் இருந்தார். நான்தான் கொன்றுவிட்டேன் என்று தொண்டை கட்டும்வரை அழுதேன்.

மத்தியானம், முழங்கால்வரை சேற்றோடு அவர் வந்து நின்றார். காலைக் கட்டிக்கொண்டேன்.

"நான்தாம்ப்பா ஒங்க சட்டையக் குடுத்தேன்."

அப்பா என்னைப் பார்க்கவில்லை. மலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரியான ஆளு சட்டையத்தான் குடுத்திருக்க."

என்மேல் கோபமில்லை என்று எனக்கு ஒரே சந்தோஷம். அவர் ஏன் அன்று சாப்பிடவில்லை என்பதுதான் விளங்கவில்லை. சட்டை போன துக்கமாக இருக்கும் என்று நினைத்து, தீபாவளிக்கு அவருக்குப் புதுச்சட்டை கிடைக்க வேண்டும் என்று அம்மனிடம் கேட்டுக்கொண்டேன். துரையிடமும் சட்டைகள் இருந்தன என்பது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.