அத்தை சிரித்த ஒரு மாதம்

தொண்ணூறுகளில், கன்னட ஊரான ஈஜிபுராவில் என் அத்தை இட்லிக் கடை வைத்திருந்தாள். இட்லி மெத்தென்று இருக்கும். அத்தையின் வாய் அப்படி இருக்காது. தாமதமாக வந்தால் திட்டு, சட்னியை மிச்சம் வைத்தால் திட்டு, தலை வாராமல் வந்தால் அதற்குத் தனித் திட்டு. எதிர் ஒர்க்‌ஷாப் பையன்கள் குனிந்த தலையோடு வாங்கிக்கொண்டு மறுநாளும் வருவார்கள்.

எங்கள் பக்கத்தில் சிறு கடைகளைக் கைதூக்கிவிட ஒரு சங்கம் இருந்தது. ஆட்டுக்கல்லைச் சுற்றிச் சுற்றி அத்தைக்குத் தோள் விட்டுப்போயிருந்தது. பக்கத்து அடுகோடியில் பயிற்சி முடித்து, அதன்படியே ஒரு மாதம் கடை நடத்திக் காட்டினால் பெரிய கிரைண்டர் தருவதாகச் சங்கத்தில் சொன்னார்கள். பயிற்சியின் முதல் பாடம், வாடிக்கையாளரைக் கண்டதும் புன்னகைக்க வேண்டும் என்பது.

அத்தை புன்னகைத்தாள். பாவம், அந்த முகத்துக்கு அது பழக்கமில்லை. கைகூப்பி, பல்லெல்லாம் தெரிய, "வாங்க சார், என்ன சாப்பிடறீங்க?" என்றாள். ஒர்க்‌ஷாப் வெல்டர் அண்ணன் பயந்துபோய் என்னைத் தனியே கூப்பிட்டு, "பாப்பா, அக்காவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். மாவு புளித்துவிட்டது, அதை மறைக்கத்தான் இந்தச் சிரிப்பு என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். கூட்டம் குறைந்தது. மிஞ்சிய இட்லியெல்லாம் வேளை தவறாமல் எங்கள் தட்டுக்கு வந்தது. எனக்குச் சங்கத்தின் மேலேயே வெறுப்பு வந்துவிட்டது.

மாதக் கடைசியில் சங்கத்து மேடம் நோட்டும் கையுமாக வந்து நின்றார். கடையில் வெல்டர் அண்ணன் மட்டும்தான் இருந்தார். கிரைண்டர் போச்சு என்று எனக்கு அழுகை முட்டியது. அந்த நேரம் பார்த்து அண்ணன் பாதி இட்லியை வைத்துவிட்டு எழுந்தார். அத்தையின் புன்னகை அதுவரைதான் தாங்கியது.

"எங்கடா எழுந்திருக்கற? பொழுதுக்கும் நெருப்பு முன்னாடி நிக்கறவனுக்கு இது போதுமா? உக்காருடா, எருமை."

குரல் ஒர்க்‌ஷாப் வரை கேட்டது. பையன்கள் ஒவ்வொருவராக வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அத்தை அதே வேகத்தில் மேடம் பக்கம் திரும்பி, "கூத்கோ, தின்னு" என்று கன்னடத்தில் அதட்டினாள். மேடம் நோட்டை மூடிவிட்டு உட்கார்ந்தார். நான்கு இட்லி தின்றார். சட்னியை மிச்சம் வைக்கவில்லை. அடுத்த வாரம் கிரைண்டர் வந்து இறங்கியது.

காசும் கொடுத்துத் திட்டும் வாங்கிக்கொண்டு போகிறார்களே, இவர்களுக்கு ரோஷமே கிடையாதா என்று அப்போது நினைத்தேன். எல்லோரும் தர்மபுரி, திருவண்ணாமலைப் பக்கமிருந்து பிழைக்க வந்து, ஓர் அறையில் ஆறு பேராகப் படுத்துக்கொண்டவர்கள். ஏன் சரியாகச் சாப்பிடவில்லை என்று அதட்ட அவர்களுக்கு அந்த ஊரில் வேறு ஆள் இல்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை.