குதிகாலில் வைத்த மருதாணி

மயிலாப்பூர் மெஸ் ஒன்றில் எச்சில் இலை எடுக்க வந்தவன் நான். படிப்பு அஞ்சாம் வகுப்பு. அப்படிப்பட்டவன் தி.நகர் மண்டபங்களில் கல்யாணச் சமையல் காண்ட்ராக்ட் எடுத்தேன். அசோக் நகரில் மாடி வீடு கட்டினேன். தங்கைகளைக் கட்டிக்கொடுத்தேன். ஒருத்தனும் ஒரு விறகுக்கட்டை கொடுத்து உதவவில்லை. எல்லாம் அடுப்படியில் வெறுங்காலோடு நின்று சம்பாதித்தது.

அந்தக் காலைத்தான் அடையாறில் ஒரு சின்ன வயது டாக்டரம்மா முன்னால் தூக்கி நீட்ட வேண்டி வந்தது. இப்போது நினைத்தாலும் துண்டால் முகத்தை மூடிக்கொள்ளத் தோன்றுகிறது.

இடது குதிகாலில் கறுப்பாக ஒரு மச்சம். கரி என்று நினைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். மகள்தான் இழுத்துப் போனாள். துளி சதை எடுத்துச் சோதித்ததில் மெலனோமா, தோல் புற்றுநோய் என்று வந்தது. வெட்டுவதற்கு முன் தோலைப் படம் எடுக்க வேண்டும், ஓரம் தெரிந்தால்தான் குதிகாலில் எவ்வளவு மிச்சம் வைக்கலாம் என்று சொல்ல முடியும் என்றார் டாக்டரம்மா.

சமையல் பெரியவர் என்று எத்தனையோ கல்யாணத் தம்பதிகள் விழுந்து கும்பிட்ட கால். உள்ளங்காலை யார் பக்கமும் நீட்டியதில்லை. வெடித்துக் கிடக்கும் பாதத்தை எப்படிக் காட்டுவது? அடுப்புச் சூடு தணிய நாங்கள் உள்ளங்காலில் மருதாணி வைப்பது வழக்கம். முதல் நாளே அரைத்து இரண்டு பாதத்திலும் அப்பிக்கொண்டேன். அழகுக்கு மட்டும் என்றால் பொய். எல்லாம் ஒரே சிவப்பானால் கறுப்பு மறைந்துவிடும், ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடுவார்கள் என்று ஒரு நப்பாசை.

விளக்கு வைத்த பூதக்கண்ணாடியைக் குதிகாலில் வைத்ததும் எதிரே திரையில் என் பாதம் உழுத வயல் மாதிரி விரிந்தது. வரப்பெல்லாம் செக்கச்செவேல். பின்னால் பயிற்சி டாக்டர்கள்.

"ஐயா, இது மருதாணியா?"

நான் கூரையைப் பார்த்தேன். மகள் விடவில்லை.

"இன்னா நைனா, நீ இன்னா கல்யாணப் பொண்ணா? வளைகாப்பு மட்டும்தான் பாக்கி கீது, அதையும் பண்ணிடலாமா?"

"சூட்டுக்கு வெச்சேம்மா."

பயிற்சி டாக்டர்கள் உதட்டைக் கடித்துக்கொண்டார்கள். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"ஆழம் ஸ்கேன்ல தெரியுது ஐயா. ஆனா ஓரம் எது, மருதாணி எதுன்னு பிரிக்க முடியலை. குத்துமதிப்பா வெட்டினா குதிகாலே போகலாம். கம்மியா வெட்டினா நோய் தங்கிடும். சாயம் போனதும் சீக்கிரமா வாங்க."

ஆபரேஷன் தள்ளிப்போனது. தினமும் சோப்புத் தண்ணீரில் காலை ஊறவைத்தேன். நல்ல மருதாணி, லேசில் போகுமா? கோபத்தில் இருந்த மகள் ஒரு நாள் என் காலைத் தன் மடியில் எடுத்து வைத்து, மச்சத்தைத் தொடாமல் சுற்றிலும் தேய்த்தாள். கூச்சத்தில் இழுத்துக்கொள்ளப் பார்த்தேன்.

"வுடு நைனா. போனா உன் காலு மட்டுமா போவும்?"

மண்டபம் அதிரப் பேசுகிறவன் நான், அவள் சொன்னபடி காலை அவள் மடியிலேயே விட்டேன்.

அடுத்த படத்தில் ஓரம் தெளிவாகத் தெரிந்தது. பேனாவால் கோடு போட்டு, அந்த அளவுக்கு வெட்டினார்கள். தொடைத் தோலை எடுத்து ஒட்டினார்கள். குதிகால் பாதிக்கு மேல் தப்பித்தது. நொண்டினாலும் நடக்கிறேன்.

போன தடவை சோதனைக்குப் போனபோது டாக்டரம்மா கேட்டார்: "அந்த முதல் படத்தைப் பயிற்சி டாக்டர்களுக்குக் காட்டலாமா ஐயா? உங்க பேர் வராது. படம் எடுக்கறதுக்கு முன்னாடி மருதாணி வெக்காதீங்கன்னு நோயாளிங்ககிட்ட அவங்க சொல்லணும் இல்லையா?"

காது சூடாகிவிட்டது. மகள் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

"காட்டும்மா," என்றேன். "பேரு வாணாம். புத்தி கெட்டவன்னுகூட சொல்லிக்கோ. ஆனா மண்டபம் மண்டபமா நின்னு சமைச்சவன் காலு இதுன்னு சொல்லு. இந்தப் பாடம் அவன் குடுத்ததுன்னு சொல்லு. அத வுட்டுடாத."