நூற்று நாற்பது மஞ்சள் சீட்டுகள்

முன்பின் தெரியாத வீட்டுக் கதவைத் தட்டி, "ஒரு பத்து நிமிஷம் பேசலாமா?" என்று கேட்பதுதான் அவருடைய பிழைப்பு. கருத்துக் கணிப்பு நடத்தும் ஒரு நிறுவனத்துக்காகப் பதினாறு வருடமாகத் தெருத்தெருவாக நடக்கிறார். பற்பசை பற்றிக் கேட்டிருக்கிறார், பஸ் வசதி பற்றிக் கேட்டிருக்கிறார், ஒருமுறை இரண்டு மாதம் முழுக்கத் தலையணை பற்றியே கேட்டிருக்கிறார். அக்கம்பக்கத்தில் அவருக்குக் கேள்வியம்மா என்று பெயர் விழுந்துவிட்டது. அவரும் அதற்கே திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார்.

அந்த வேலையில் சில சூட்சுமங்கள் உண்டு. கதவைத் தட்டியதும் இரண்டடி பின்னால் போய் நிற்க வேண்டும். கதவு ஓட்டை வழியாகப் பார்ப்பவருக்கு ஆள் முழுதாகத் தெரிய வேண்டும். பெரிய பை தோளில் இருந்தால் விற்க வந்தவள் என்று கதவு திறக்காது. எல்லாவற்றையும்விட முக்கியம், முகம். எதிரில் இருப்பவர் என்ன உளறினாலும் புருவம் உயரக்கூடாது. கேள்வியம்மாவின் புருவம் பதினாறு வருடத்தில் உயர்ந்ததே இல்லை.

புதிதாக ஒரு கேள்வித்தாள் வந்தால் முதலில் அகப்படுவது அவருடைய கணவர்தான். அவர் லிஃப்ட் மெக்கானிக். சாப்பிட உட்காரும் நேரம் பார்த்து ஒத்திகை தொடங்கிவிடும். அந்த முறை வந்தது குப்பை பற்றிய கணிப்பு. தெருவில் யார் குப்பை போடுகிறார்கள், அதற்கு யார் பொறுப்பு என்று மக்கள் நினைக்கிறார்கள் என்பது நகராட்சிக்குத் தெரிய வேண்டுமாம். ஒரு நீளத் தெரு, முந்நூறு வீடுகள், பதினெட்டுக் கேள்விகள், மூன்று வாரம்.

"நாலாவது கேள்வி. நீங்கள் தெருவில் குப்பை போடுவதுண்டா?"

"நானா? சேச்சே!"

கேள்வியம்மா 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்தார். கல்யாணமான நாளிலிருந்து இவர் சட்டையைத் துவைக்கும்போது பையில் ஒரு பஸ் டிக்கெட்கூட அகப்பட்டதில்லையே, அதெல்லாம் எங்கே போகிறது என்று ஒரு கணம் தோன்றியது. புருவம் மட்டும் அசையவில்லை.

முதல் ஐந்து நாளில் நூற்றுப் பன்னிரண்டு பேர் பதில் சொன்னார்கள். நூற்று ஒன்பது பேர் குப்பையே போடாதவர்கள். மீதி மூன்று பேரில் ஒருவருக்குக் கேள்வி சரியாகக் காதில் விழவில்லை. ஒரு டாக்சி ஓட்டுநர், "போடுவேன், எழுதிக்கோங்க" என்று சிரித்தார். மூன்றாமவர் போடுவேன் என்று சொல்லிவிட்டு, மனைவியின் முகத்தைப் பார்த்ததும் அழித்துவிடச் சொன்னார். பேனாவில் எழுதியது, அழிக்க முடியவில்லை.

பொறுப்பு யார் என்ற ஏழாவது கேள்விதான் அமர்க்களம். மாடி வீட்டம்மா கீழ் வீட்டைக் காட்டினார். கீழ் வீட்டம்மா கண்ணாலேயே மாடியைக் காட்டினார். மூலைக் கடைக்காரர், "வாங்கறவங்கதானே பிரிச்சுப் போடறாங்க" என்றார். வாங்குகிறவர்கள், "கடைக்காரன்தானே இத்தனை காகிதத்தில சுத்திக் கொடுக்கறான்" என்றார்கள். ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டே பதில் சொன்ன ஒருவர், "எல்லாம் வெளியூர்க்காரங்கதான்" என்று அடித்துச் சொல்லிவிட்டுத் தோலை ஜன்னல் வழியாக வீசினார். "இது மக்கிடும்மா. இது குப்பையில சேராது."

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் மட்டும் முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். "பொறுப்புங்கறது ரத்தத்திலேயே இருக்கணும்மா. நான் என் ஆயுசில ஒரு துரும்பைக்கூடத் தெருவில போட்டதில்ல" என்று சொல்லி, பச்சை உறையில் சுற்றிய புதினா மிட்டாய் ஒன்றைக் கொடுத்து வழியனுப்பினார்.

பூட்டிக் கிடந்த வீடுகளும் நிறைய. அந்தக் கதவுகளில் ஒரு மஞ்சள் சீட்டைச் சொருகிவிட்டு வர வேண்டும் என்பது நிறுவனத்தின் விதி. 'தங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம். மீண்டும் வருவோம்' என்று பெரிய எழுத்தில் அச்சடித்திருக்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் நூற்று நாற்பது கதவுகளில் நூற்று நாற்பது சீட்டுகளைச் சொருகிவிட்டு, வார வேலை முடிந்த நிம்மதியில் அவர் வீட்டுக்குப் போனார்.

சனிக்கிழமை காற்று. ஞாயிற்றுக்கிழமை மழை.

திங்கட்கிழமை காலை தெருமுனையில் திரும்பியபோது ஒரு தள்ளுவண்டி அவருக்குக் குறுக்கே வந்து நின்றது. அந்தத் தெருவைக் கூட்டும் பெண்ணின் வண்டி. எல்லாரும் அவரை வண்டியக்கா என்பார்கள். கேள்வியம்மாவின் வயதுதான் இருக்கும்.

"நீங்கதானா அந்த மஞ்சச் சீட்டு?"

கேள்வியம்மா பதில் சொல்வதற்குள் வண்டியக்கா ஒரு பையைத் தூக்கி அவர் கால்மாட்டில் வைத்தார். உள்ளே ஈரத்தில் ஊறிய சீட்டுகள், கூழும் காகிதமுமாக.

"அக்கா, நான் தெருவில போடலை. கதவு இடுக்கிலதான் சொருகினேன். வீட்டுக்காரங்க எடுத்து உள்ள வெச்சிருக்கணும். ஆபீஸ்லயும் இவ்வளவு மெல்லிசாவா அடிப்பாங்க? போதாததுக்குக் காத்து வேற..."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருக்கு நாக்கு இடறியது. இந்தப் பதில்களை எங்கேயோ கேட்டிருக்கிறாரே! ஐந்து நாளாகக் கை வலிக்க டிக் அடித்த பதில்கள். மற்றவர்கள் ஆளுக்கு ஒன்றுதான் சொன்னார்கள். இவர் ஒரே மூச்சில் மூன்றையும் சொல்லிவிட்டார்.

"அப்ப சரி" என்றார் வண்டியக்கா. "காத்தை நான் புடிச்சுக் கேட்டுக்கறேன்."

சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் பாட்டுக்கு வண்டியைத் தள்ளத் தொடங்கியதுதான் கேள்வியம்மாவுக்குச் சுருக்கென்றது. பின்னாலேயே போய் விசாரித்தார். பஸ் நிறுத்தத்துச் சாக்கடை வாயைச் சீட்டுகள் அடைத்துக்கொண்டிருக்கின்றன. மழைத் தண்ணீர் மூலைக் கடையின் படிவரை ஏறியிருக்கிறது. கூட்டுகிறவள் ஒழுங்காகக் கூட்டவில்லை என்று நகராட்சிக்கு நாலு பேர் போன் போட்டிருக்கிறார்கள்.

"என் தங்கச்சிக்குக் குழந்தை பொறந்து பதினோரு நாள். நேத்து லீவுன்னுதான் பாக்கக் கிளம்பினேன். பாதி வழியில போன் பண்ணித் திரும்ப வரச் சொன்னாங்க. குழந்தை முகத்தை இன்னும் பாக்கல" என்றார் வண்டியக்கா. குரலில் கோபம்கூட இல்லை.

"தப்பு என்மேலதான் அக்கா" என்றார் கேள்வியம்மா. தொண்டையிலிருந்து அது வெளியே வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

வண்டியக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இந்தத் தெருவில இப்படி ஒருத்தர் சொல்லி இப்பத்தான் கேக்கறேன்" என்று சிரித்துவிட்டு, வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

அடுத்து என்ன செய்வதென்று கேள்வியம்மாவுக்குத் தெரியவில்லை. தெரிந்த ஒரே வேலையைச் செய்தார். பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் அவரை உட்காரவைத்து, அட்டையில் புதுத் தாள் ஒன்றைச் செருகி, பதினெட்டுக் கேள்விகளையும் கேட்டார்.

"நீங்கள் தெருவில் குப்பை போடுவதுண்டா?"

"போட்டிருக்கேன். வேற ஊருக்குப் போனா கை சும்மா இருக்காது. நம்ம கூட்டற தெரு இல்லையேன்னு ஒரு தைரியம்."

கேள்வியம்மாவின் புருவம் அன்று முதல்முறையாக உயர்ந்தது.

"குப்பைக்கு யார் பொறுப்பு?"

"போடறவங்கதான். ஆனா அவங்க ஒண்ணும் கெட்டவங்க இல்லம்மா. கையில இருக்கிறது திடீர்னு கனக்கும். அதைத் தூக்கிக்கிட்டு எத்தனை தூரம் நடப்பாங்க? தொட்டி எங்க இருக்கு பாருங்க." அவர் காட்டிய பக்கம் கேள்வியம்மா திரும்பிப் பார்த்தார். பஸ் நிறுத்தத்திலிருந்து நாற்பதடி தள்ளி, ஒரு மின்கம்பத்துக்குப் பின்னால், யாரிடமோ கடன் வாங்கியவனைப் போலத் தொட்டி ஒளிந்துகொண்டு நின்றது. "அங்க போயிட்டு வந்தா பஸ் போயிடும். அதனால இங்கயே போட்டுடறாங்க. நான் சொன்னா யாரு கேக்கறாங்க?"

பேச்சு கேள்வித்தாளைத் தாண்டிப் போய்விட்டது. யார் வீட்டில் என்ன சாப்பிடுகிறார்கள், யாருக்குத் தூக்கம் வரவில்லை, யார் புதுச் செருப்பு வாங்கினார்கள், எல்லாம் வண்டியக்காவுக்கு அத்துப்படி. மூன்றாவது வீட்டுக்காரர் சிகரெட்டை விட்டுவிட்டதாக மனைவியிடம் சத்தியம் செய்திருக்கிறார். "அந்தம்மா கீழ இறங்கி வர்றதுக்குள்ள துண்டையெல்லாம் நான் கூட்டிடுவேன். பாவம், நாலுல இருந்து ரெண்டாக் குறைச்சிருக்காரு." தினமும் காலை நடைக்குப் போகிறவர் ஒருவர் வழியெல்லாம் பச்சை உறைகளைப் பரப்பிக்கொண்டே போவாராம். "புதினா வாசனை அடிக்கும். அந்தப் பெரியவர் பள்ளிக்கூடத்தில பெரிய உத்தியோகத்தில இருந்தவராமே?"

கேள்வியம்மா வாய்விட்டுச் சிரித்தார். வேலை நேரத்தில் சிரித்ததும் அதுதான் முதல் தடவை.

நிரப்பிய தாளோடு ஆபீசுக்குப் போனபோது மேற்பார்வையாளர் அதை ஓரமாக ஒதுக்கினார். "இவங்க அந்தத் தெருவில குடியிருக்கறவங்க இல்லையே மேடம். வீட்டுக்காரங்க மட்டும்தான் கணக்கு."

"சார், நம்ம சீட்டால சாக்கடை அடைச்சிருக்கு. அதுக்கு யார் பொறுப்பு?"

"அச்சடிக்கறது தலைமை ஆபீஸ். சொருகறது நீங்க. இடையில எனக்கு என்ன சம்பந்தம்?" என்றார் அவர். பதில் என்னவோ நியாயமாகத்தான் இருந்தது. கேள்வியம்மா அதற்கும் மனசுக்குள் ஒரு டிக் அடித்துக்கொண்டு எழுந்து வந்தார்.

மறுநாள் காலை கணவரையும் கிளப்பிக்கொண்டு அந்தத் தெருவில் இறங்கினார். லிஃப்ட் குழியில் விழுந்த சாவிகளை எடுப்பதற்கென்று அவர் ஒரு நீளக் கம்பி வைத்திருந்தார். ஒரு முனையை அழுத்தினால் மறுமுனையில் நகம் விரியும். சாக்கடைக்குள் சிக்கிய சீட்டுகளுக்கு அதைவிடத் தோதான கருவி கிடையாது. அவர் கம்பியை விட்டுத் துழாவ, இவர் செடிகளுக்கு அடியிலும் சைக்கிள்களுக்கு இடையிலும் குனிந்து பொறுக்கினார்.

தெரு வேடிக்கை பார்த்தது. பார்த்ததோடு விடாமல் ஒத்தாசையும் செய்தது. பால்கனியில் நின்றபடி விரல் நீட்டுகிற ஒத்தாசை.

"அதோ, அங்க ஒண்ணு கெடக்கு!"

"அந்த ஸ்கூட்டருக்குப் பின்னால பாரும்மா!"

தலைமையாசிரியர் நாற்காலி போட்டு உட்கார்ந்தே மேற்பார்வை பார்த்தார். "இதெல்லாம் நகராட்சி செய்ய வேண்டிய வேலையாச்சே" என்றார். கேள்வியம்மா நிமிர்ந்தார். முதுகு பிடித்துக்கொண்டது. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தார். ஆனால் வந்தது பதினாறு வருடப் பழக்கம்: கனிவாக ஒரு கேள்வி.

"சார், உங்க கேட்டுக்குக் கீழ ஒண்ணு சிக்கியிருக்கு. என் கைக்கு எட்டல. உங்களுக்கு எட்டுமா?"

உபதேசம் என்றால் அவர் மூன்று மணி நேரம் வாதாடியிருப்பார். கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க அவரால் முடியாது. எழுந்து வந்தார். கைத்தடியின் நுனியால் நெம்பிச் சீட்டை எடுத்தார். பக்கத்திலேயே இரண்டு பச்சை உறைகள் கிடந்தன. அவரே குனிந்து அவற்றையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, "காத்து எங்கிருந்தெல்லாமோ கொண்டாந்து போடுது" என்றார்.

"ஆமா சார்" என்றார் கேள்வியம்மா.

அதன் பிறகு அவர் ஒவ்வொரு பால்கனிக்கும் ஒரு கேள்வியை அனுப்பினார். உங்க ஸ்கூட்டரைக் கொஞ்சம் நகர்த்த முடியுமா? உங்க வீட்டில பழைய வாளி ஒண்ணு இருக்குமா? மாடி வீட்டம்மாவும் கீழ் வீட்டம்மாவும் ஒரே நேரத்தில் ஆளுக்கு ஒரு வாளியோடு வந்து நின்று, ஒருவரை ஒருவர் பார்த்து, வேறு வழியில்லாமல் சிரித்தார்கள். வண்டியக்கா தன் வண்டியோடு வந்தபோது தெருவில் கூட்டுவதற்கு மிச்சம் கொஞ்சம்தான் இருந்தது. "என் பொழப்பைக் கெடுத்துடாதீங்க" என்றார், வாயெல்லாம் பல்லாக.

கணிப்பு முடிந்தது. மஞ்சள் சீட்டு விட்ட வீடுகளுக்கெல்லாம் மறுபடி போய்ப் பார்த்தும், முந்நூறு பேரில் இருநூற்றுத் தொண்ணூற்றிரண்டு பேர் குப்பை போடாதவர்களாகவே இருந்தார்கள். கேள்வித்தாள் கட்டின் கடைசிப் பக்கத்தில் 'களப்பணியாளர் குறிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. யாரும் அதில் எழுதியதில்லை, யாரும் படித்ததுமில்லை. கேள்வியம்மா எழுதினார்: 'இந்தத் தெருவில் நான் நூற்று நாற்பது காகிதம் போட்டேன். என்னை யாராவது கேட்டிருந்தால் நானும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். தொட்டி பஸ் நிறுத்தத்திலிருந்து நாற்பதடி தள்ளி இருக்கிறது. இதைச் சொன்னவர் அந்தத் தெருவைக் கூட்டுபவர். அவரைக் கணக்கில் சேர்க்கவில்லை.'

தட்டச்சு செய்தவர் அதையும் கர்ம சிரத்தையாகச் சேர்த்துவிட்டார். நகராட்சிக் கூட்டத்தில் அறிக்கையைப் படித்தவர் வேகத்தில் அதையும் சத்தமாகப் படித்துவிட்டார். அரங்கு முதலில் சிரித்தது, பிறகு கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தது. மேற்பார்வையாளர் கேள்வியம்மாவைக் கூப்பிட்டு, இனி அந்தக் கட்டத்தில் எழுதுவதற்கு முன் தன்னிடம் காட்ட வேண்டும் என்றார். மஞ்சள் சீட்டு விதியை மட்டும் சத்தம் போடாமல் எடுத்துவிட்டார்கள்.

பெரிய புரட்சியெல்லாம் நடக்கவில்லை. ஆரஞ்சுக்காரர் இன்னும் தோலை வீசிக்கொண்டுதான் இருக்கிறார். மூன்று வாரம் கழித்து ஒரு லாரி வந்து தொட்டியைப் பெயர்த்து பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனது, அவ்வளவுதான். முதல் நாளே அது நிரம்பி வழிந்தது. வண்டியக்காவுக்குக் காலையில் இருபது நிமிடம் மிச்சமானது.

அந்த இருபது நிமிடத்தில் இரண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள். வண்டியக்கா போனில் தங்கை குழந்தையின் படத்தைக் காட்டுவார். தினமும் ஒரு புதுப் படம் இருக்கும். 'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டது.

"அடுத்து என்ன கேக்கப் போற?"

"சத்தம். தெருவில யாரால சத்தம்னு."

வண்டியக்கா டீயை ஒரு வாய் உறிஞ்சி யோசித்தார். "பென்சில்ல எழுது" என்றார். "இந்தத் தடவை அழிக்கச் சொல்றவங்க நிறையப் பேர் இருப்பாங்க."