அழிந்துபோன மைக்குறி

என் வலது முழங்கால் தா.பழூர் வரப்பில்தான் போனது. எண்பத்தாறாம் வருஷம், சம்பா நடவு. நாற்றுக்கட்டோடு சறுக்கி விழுந்தேன். அதற்குப் பிறகு கால் பாதி மடங்கும், பாதியில் பூட்டிக்கொள்ளும். விவரம் தெரிந்த நாள் முதல் முழங்காலில் நின்று ஜெபித்தவள் நான். நாற்காலியில் உட்கார்ந்து ஆண்டவரோடு பேச மனசு ஒப்பவில்லை. இருப்புக்கொள்ளாமல் தவித்தேன்.

மாசியில் மதராஸ் ஆஸ்பத்திரிக்குப் போனோம். உள்ளே ஜவ்வு கிழிந்து கிடக்கிறது, சின்ன ஓட்டை போட்டு, குழாய் விட்டுப் பார்த்தே எடுத்துவிடலாம் என்றார்கள். ஓட்டை இடம் தப்பினால் நல்ல ஜவ்வும் கிழியும் என்று பக்கத்துக் கட்டிலில் பேசிக்கொண்டார்கள். அதுவே என் நெஞ்சில் ஓடியது.

முந்தின நாள் சாயங்காலம் சின்ன டாக்டர் வந்து, கட்டிலில் நீட்டியிருந்த காலில், ஓட்டை போட வேண்டிய இடத்தில் ஊதா மையால் இரண்டு குறி போட்டார். நர்ஸ் ஒரு சீட்டைக் கொடுத்து, "படிக்கத் தெரியுமாம்மா?" என்றார்.

"ஏன் தெரியாம?" என்றேன். எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் எனக்குப் பொழுது போய்விடும். மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்தேன்.

காலையில் சுத்தமாகப் போக வேண்டும் என்று நாரால் தேய்த்துக் குளித்தேன். அப்புறம்தான் மகள் எஸ்தர் சீட்டைப் பிரித்தாள்.

"குறிய அழிக்கக்கூடாதுன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. பெரிய படிப்பாளிம்மா நீ."

"சும்மா இருடி" என்றேன். டாக்டரிடம் சொல்லாமலே விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆண்டவரே, என் வீம்பை எடுத்துக்கொள்ளும், காலைக் காப்பாற்றும் என்று கட்டிலிலேயே ஜெபித்தேன்.

இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போக ஊசி போட்டதால் மேசையில் விழித்தபடி கிடந்தேன். பெரிய டாக்டர் வந்தார்.

"ஐயா, எனக்குப் படிக்க வராதுங்க. குறிய நான்தான் தேச்சு அழிச்சுட்டேன்."

அவர் சிரிக்கவில்லை. காலை மடக்கித் தொங்கவிட்டு, முட்டிச் சில்லுக்குக் கீழே கட்டைவிரலால் பள்ளத்தைத் தேடினார்.

"பழைய மை லேசா தெரியுது பாரு. நீட்டின கால்ல போட்டிருக்க. மடக்குனதும் இடம் மாறிடுச்சு" என்றார் சின்ன டாக்டரிடம். "இத நம்பிப் போட்டிருந்தா தப்பியிருக்கும். அந்தம்மா அழிச்சதே நல்லது." புதுக் குறி வைத்தார். "முதல்ல ஊசிய விட்டு வழி சரியான்னு பாப்போம். அப்புறந்தான் கத்தி."

என் கண்ணீர் காதுக்குள் இறங்கியது.

பெரிய வெள்ளி அன்று ஊர்க் கோயிலில் முழங்காலில் நின்றேன். எழுந்திருக்க யார் கையும் பிடிக்கவில்லை. இப்போதெல்லாம் சீட்டு ஏதும் வந்தால், "எனக்கு வராதுங்க, வாசிச்சுச் சொல்லுங்க" என்கிறேன். இதையும் நான் சொல்ல எஸ்தர்தான் எழுதுகிறாள்.

அன்பானவர்களே, நீங்களும் தலையணைக்குக் கீழே எதையாவது மடித்து வைத்திருப்பீர்கள். ஆண்டவர் முன்னால் பிரித்துவிடுங்கள். வழி எங்கே என்று அவருக்குத் தெரியும்.